தொடுவானத்துக்குக் கீழே வந்த ஏவுகணை: ஷெஃபீல்டு கப்பலும் பூமியின் வளைவும்

1982 மே 4. ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போரிட்டுக்கொண்டிருந்த நேரம். தென் அட்லாண்டிக் கடலில், அந்தத் தீவுகளுக்குத் தென்கிழக்கே, பிரிட்டிஷ் கடற்படையின் ஷெஃபீல்டு என்ற போர்க்கப்பலின் வலதுபக்கத்தில், அர்ஜென்டின விமானம் ஒன்று விட்ட எக்ஸோசெட் என்ற கப்பல் எதிர்ப்பு ஏவுகணை பாய்ந்தது. 20 பேர் இறந்தார்கள். ஆறு நாள் கழித்து, இழுத்துக்கொண்டு போகும் வழியில் கப்பல் மூழ்கியது.

இந்தக் கதையைப் பலரும் "ஏவுகணை யுகம் தொடங்கிய நாள்" என்றோ "ஒரு கப்பல் அசந்த கதை" என்றோ சொல்லி முடித்துவிடுகிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. அன்றைக்குப் பூமி உருண்டை என்பதையும் கடல்பரப்பு ரேடார் அலையை என்ன செய்யும் என்பதையும் ஒரு தரப்பு ஆயுதம் போலவே பயன்படுத்தியது. மறு தரப்புக்கும் அதெல்லாம் தெரியும், தெரிந்தும் அதற்கு மாற்றாக வைத்திருந்த ஏற்பாட்டை மூன்று வருடம் முன்பே கைவிட்டிருந்தது. அதனால் இந்த நிகழ்வை ரேடாரின் கண்ணிலிருந்து, கணக்கோடு பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த வளைவு எவ்வளவு என்று பார்த்துவிடுவோம், இது தெரியாமல் மற்றது எதுவும் புரியாது.

கடற்கரையில் நிற்கும் ஒருவரின் கண் தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் அவரிடமிருந்து வெறும் 4.7 கிலோமீட்டர்தான். அதைத் தாண்டிப் போகும் கப்பலின் அடிப்பாகம் முதலில் மறையும், கடைசியில்தான் கொடிமரம் மறையும். ரேடாருக்கும் இதே கதிதான், கொஞ்சம் சலுகை மட்டும் உண்டு. காற்றின் அடர்த்தியும் ஈரப்பதமும் மேலே போகப்போகக் குறைவதால் ரேடார் அலை நேர்கோட்டில் போகாமல் லேசாகக் கீழ்நோக்கி வளைகிறது. அந்த வளைவைக் கணக்கில் சேர்க்க, பொறியாளர்கள் பூமியின் ஆரத்தை 6,371 கிலோமீட்டருக்குப் பதிலாக அதன் மூன்றில் நான்கு மடங்கு, அதாவது சுமார் 8,500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, அலை நேராகப் போகிறது என்றே கணக்குப் போடுகிறார்கள். அதிலிருந்து கிடைக்கும் சூத்திரம் எளிது: மீட்டரில் உள்ள உயரத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 4.12 ஆல் பெருக்கினால் தொடுவானத் தூரம் கிலோமீட்டரில் வரும். ரேடாருக்கு ஒரு தடவை, இலக்குக்கு ஒரு தடவை செய்து, இரண்டையும் கூட்டினால் எவ்வளவு தூரத்தில் அந்த இலக்கு வளைவுக்கு மேலே தலைகாட்டும் என்று தெரிந்துவிடும்.

(வழக்கமான காற்றுக்குத்தான் இந்தக் கணக்கு. கடலுக்கு மேல் சூடான வறண்ட காற்று படிந்து, அடியில் ஈரக்காற்று சிக்கிக்கொண்டால் அலை குழாய்க்குள் போவதுபோல மேற்பரப்பை ஒட்டியே ஓடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மழைக்காலத்துக்கு முந்தைய வெயில் நாட்களில், மும்பைப் பக்கம் இருந்த ஒன்றரை மீட்டர் அலைநீள ரேடாரில் அரேபியக் கரையின் எதிரொலி 1,700 மைலுக்கு அப்பாலிருந்து வந்து விழுந்திருக்கிறது. அந்த மாதிரி அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் கப்பலைக் காக்க முடியாது.)

சரி, எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஷெஃபீல்டு மாதிரிக் கப்பலில் ரேடார் ஆண்டெனா கடலிலிருந்து சுமார் 25 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்கிறேன், கணக்குக்கு வசதியாக. அதன் தொடுவானம் 20.6 கிலோமீட்டர். எதிரே வரும் விமானம் 10,000 மீட்டரில் பறந்தால் அதன் பங்கு 412 கிலோமீட்டர், ஆக மொத்தம் 430க்கு மேல். அவ்வளவு தூரத்திலேயே அது தொடுவானத்துக்கு மேலே வந்துவிடும், ரேடாருக்குச் சக்தி இருந்தால் பார்த்துவிடலாம். அதே விமானம் 30 மீட்டருக்கு இறங்கிவிட்டால்? 22.6 தான். மொத்தம் 43 கிலோமீட்டர். கடலிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் வரும் ஏவுகணைக்கோ 28 கிலோமீட்டர்கூட இல்லை. எக்ஸோசெட் விநாடிக்கு ஏறத்தாழ 315 மீட்டர் வேகத்தில் வரும். அந்த 28 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஒன்றரை நிமிடம் போதும்.

ரேடார் எவ்வளவு நல்லது, அதை இயக்குபவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்ற கேள்விகள் எல்லாமே இந்த ஒன்றரை நிமிடத்துக்குள்தான் எழும். அதற்கு முன்னால் நடுவே தண்ணீர்தான் நிற்கிறது.

அர்ஜென்டினா தரப்பு இதை எப்படிப் பயன்படுத்தியது

நாட்டின் தென்கோடியில், தியெரா தெல் ஃபுவேகோ தீவில் உள்ள ரியோ கிராண்டே தளத்தில் அர்ஜென்டினக் கடற்படையின் சூப்பர் எத்தண்டார்ட் என்ற போர் விமானங்கள் இருந்தன. பிரான்சிடமிருந்து 14 வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், போர் தொடங்கித் தடை வருவதற்குள் வந்து சேர்ந்தவை ஐந்து விமானங்கள், வானிலிருந்து ஏவும் எக்ஸோசெட்டும் ஐந்தே ஐந்து. ஒன்றைக்கூட வீணாக்க முடியாத நிலை.

அவர்களிடம் வேறொரு பெரிய வசதி இருந்தது. ஷெஃபீல்டு எந்த வகைக் கப்பலோ அதே டைப் 42 வகையில் இரண்டு கப்பல்களை, எர்குலெஸ், சாந்திசிமா திரினிதாத் என்ற பெயர்களில், அர்ஜென்டினாவும் வைத்திருந்தது. ஆக, தாக்கப்போகும் கப்பலின் ரேடார் எந்த உயரத்தில் வரும் விமானத்தை எங்கே பார்க்கும், எங்கே கோட்டைவிடும் என்பதைத் தங்கள் கப்பலை வைத்தே பறந்து பார்த்துப் பழகினார்கள். எனக்குத் தெரிந்து இந்த நிகழ்வில் மிகவும் தீர்மானமான தயாரிப்பு இதுதான், ஆனால் பேசும்போது இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

அன்று காலை முதலில் போனது ஒரு பழைய நெப்டியூன் ரோந்து விமானம். அது பெரும்பாலும் தாழ்வாகவே பறந்து, அவ்வப்போது மட்டும் மேலே ஏறி ரேடாரைப் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி கீழே இறங்கிவிடும். காலை எட்டு மணிக்குச் சற்று முன் அதன் திரையில் பிரிட்டிஷ் கப்பல்களின் எதிரொலி விழுந்தது. 9.45 மணிக்கு அகுஸ்தோ பெதகரட்ஸ், அர்மாந்தோ மயோரா என்ற இரண்டு விமானிகள் ஆளுக்கு ஓர் எக்ஸோசெட்டுடன் கிளம்பினார்கள். வழியில் ஹெர்குலிஸ் விமானத்திடம் எரிபொருள் வாங்கிக்கொண்டு, அப்புறம் கடலை ஒட்டி இறங்கினார்கள். தாழ்ந்த மேகம், மழை, பார்வைக்கு எதுவும் தெரியாத வானிலை. தங்கள் ரேடாரையும் அணைத்தே வைத்திருந்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, இதுதான் எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த இடம். வளைவு ஒருவழித் திரை இல்லை. கப்பலால் விமானத்தைப் பார்க்க முடியாது என்றால் விமானத்தாலும் கப்பலைப் பார்க்க முடியாது. ஏவுகணைக்கு இலக்கு எங்கே என்று சொல்ல வேண்டுமானால் விமானி ஒரு தடவையாவது தொடுவானத்துக்கு மேலே தலையை நீட்டியாக வேண்டும், நீட்டும்போது ரேடாரையும் போட வேண்டும், அந்த நேரத்தில் அவரும் தெரிவார். அவர்கள் சுமார் 160 மீட்டருக்கு ஏறினார்கள். முதல் தடவை திரையில் எதுவும் விழவில்லை. கீழே இறங்கி இன்னும் கொஞ்ச தூரம் நெருங்கி மறுபடி ஏறினார்கள், சில விநாடிகளில் கப்பல்கள் தெரிந்தன. மேலே இருந்த நேரம் அவ்வளவே. நம் சூத்திரத்தைப் போட்டால் 160 மீட்டர் உயரத்துக்கும் 25 மீட்டர் ஆண்டெனாவுக்கும் நடுவே பார்வைத் தூரம் ஏறத்தாழ 73 கிலோமீட்டர், அதாவது 39 கடல் மைல். 11.04 மணிக்கு, 20 முதல் 30 கடல் மைல் தூரத்திலிருந்து இரண்டு ஏவுகணைகளையும் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

எப்போது தெரிய வேண்டும் என்பதை விமானி தேர்ந்தெடுக்கிறார். கப்பல் அப்படித் தேர்ந்தெடுக்க முடியாது, அதன் ஆண்டெனா இருக்கும் உயரம் கட்டும்போதே முடிவானது.

கப்பல் தரப்பில் என்ன தெரிந்தது

விமானம் தாங்கிக் கப்பல்களான ஹெர்மிஸ், இன்வின்சிபிள் இரண்டுக்கும் முன்னால் காவலாக மூன்று டைப் 42 கப்பல்கள் வரிசையாக நின்றன: ஷெஃபீல்டு, கிளாஸ்கோ, கவென்ட்ரி. மூன்றிலும் தொலைதூரத்துக்கு 965 என்ற ரேடார், கிட்டத்துக்கு 992 என்ற ரேடார்.

965 பழைய வடிவமைப்பு. அதன் அலைநீளம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உயரத்தில் வரும் குண்டுவீச்சு விமானங்களை வெகுதூரத்தில் கண்டுபிடிக்க அது நல்ல கருவிதான். ஆனால் தாழ்வாக வருவதைப் பிடிக்க அதனால் முடியாது, அதற்குக் காரணம் கடல்பரப்பு.

ரேடாரிலிருந்து இலக்குக்கு அலை இரண்டு வழியில் போய்ச் சேர்கிறது. ஒன்று நேர்வழி. இன்னொன்று கடலில் பட்டு எதிரொளித்துப் போகும் வழி. தண்ணீரில் படும்போது அலை தலைகீழாகிவிடும், அதாவது முகடு பள்ளமாகும். இலக்கு மிகவும் தாழ்வாக இருந்தால் இரண்டு வழிகளின் நீளமும் கிட்டத்தட்ட ஒன்றே, அதனால் முகடும் பள்ளமும் ஒன்றாய்ச் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ரேடார் முழுச் சக்தியோடு அனுப்பிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் கடலை ஒட்டிய ஒரு பட்டையில் அலையே இல்லாத மாதிரி ஆகிவிடும். இலக்கிலிருந்து திரும்பி வரும்போதும் இதே கதை. வெட்டவெளியில் எதிரொலியின் வலு தூரத்தின் நான்காம் அடுக்காகக் குறையும் என்று படித்திருப்போம், இந்தத் தாழ்வான பட்டையில் அது எட்டாம் அடுக்காகக் குறையும்.

இந்தப் பட்டைக்கு மேலே, இரண்டு வழி அலைகளும் அழித்துக்கொள்ளாமல் ஒன்றையொன்று வலுப்படுத்தும் இடம்தான் முதல் நல்ல கற்றை. அது எந்தக் கோணத்தில் எழும் என்று பார்க்க அலைநீளத்தை ஆண்டெனா உயரத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். 1.4 மீட்டரை 100 மீட்டரால் வகுத்தால் 0.014 ரேடியன், அதாவது 0.8 பாகை. சின்ன எண் மாதிரித் தெரிகிறது, ஆனால் 40 கிலோமீட்டர் தூரத்தில் அந்தக் கற்றையின் நடுப்பகுதி கடலிலிருந்து 600 மீட்டருக்கும் மேலே இருக்கும். 30 மீட்டரில் வரும் விமானம் அதற்கு அடியில் நிம்மதியாக நுழைந்துவிடும். 992 ரேடாரின் அலைநீளம் சுமார் பத்து சென்டிமீட்டர், அதனால் அதன் முதல் கற்றை இதைவிடப் பதினான்கு மடங்கு தாழ்வான கோணத்தில் கிடைக்கும். ஆக, உண்மையில் கண்ணாக இருந்தது 992 தான். அதிலும், அலையடிக்கும் கடலிலிருந்து வரும் தேவையற்ற எதிரொலிகளுக்கு நடுவே, விமானம் எழும்பும் அந்தச் சில விநாடிகளில் வந்துபோகும் ஒரு புள்ளியைப் பிடிக்க வேண்டும்.

கிளாஸ்கோ பிடித்தது. சூப்பர் எத்தண்டார்ட்டின் அகாவே ரேடார் அலையை அதன் மின்னணு உணர்கருவி கேட்டது, 992 திரையிலும் புள்ளி விழுந்தது. உடனே எச்சரிக்கை கொடுத்து, ஏவுகணையைத் திசைதிருப்பும் சாஃப் என்ற உலோகப் பூச்சு இழைகளையும் வானில் சிதறவிட்டது. அந்த உணர்கருவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரேடார் எதிரொலி போய்த் திரும்ப வேண்டும், எதிரி ரேடாரின் அலையோ ஒருவழியாக வந்தால் போதும், அதனால் அந்த அலை வலுவாகக் கேட்கும். தொடுவானத்துக்கு மேலே தலைநீட்டும் விமானத்தைப் பிடிக்க அதைவிட நல்ல வழி கப்பலில் இல்லை.

ஷெஃபீல்டிலும் அதே உணர்கருவி இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் கப்பல் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது, அந்த ஒலிபரப்பு உணர்கருவியின் காதை அடைத்துவிட்டது. கிளாஸ்கோவின் எச்சரிக்கையை இன்வின்சிபிளில் இருந்த வான்பாதுகாப்புக் குழு பொய் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டது, ஏனென்றால் அதற்கு முன் மிராஜ் விமானங்களின் ரேடாரைத் தவறாக அடையாளம் கண்ட எச்சரிக்கைகள் பல வந்து போயிருந்தன. ஷெஃபீல்டு சாஃப் வீசவில்லை, கப்பலைத் திருப்பவில்லை, ஆயுதம் எதையும் பயன்படுத்தவில்லை. மேல்தளத்தில் நின்றவர்கள் புகையைக் கண்ணால் பார்த்தபோது விநாடிகளே மீதி இருந்தன. ஓர் ஏவுகணை கடலில் விழுந்தது. இன்னொன்று நீர்மட்டத்துக்கு இரண்டரை மீட்டர் மேலே கப்பலைத் துளைத்தது. தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதால் நெருப்பைக் கட்டுப்படுத்தவே முடியவில்லை.

விசாரணைக்குழு, ரேடார் திரைகளைப் பார்த்துக் கப்பலின் சண்டையை நடத்தும் செயல்பாட்டு அறையில் நடந்த தவறுகளைக் கடுமையாகவே எழுதியது, முழு அறிக்கை வெளியே வர 2017 ஆகிவிட்டது. அந்தத் தவறுகள் உண்மை, கிளாஸ்கோவே அதற்குச் சாட்சி. ஒரே வகைக் கப்பல், ஒரே ரேடார், ஒரே கடல், ஒன்று பார்த்தது இன்னொன்று பார்க்கவில்லை. ஆனால் இதோடு நிறுத்திக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாவற்றையும் சரியாகச் செய்த கிளாஸ்கோவுக்கே கிடைத்தது இரண்டு மூன்று நிமிடம்தான். களைத்துப்போன ஆட்கள் நாள்கணக்கில், ஒவ்வொரு மணி நேரமும், அந்த இரண்டு நிமிடத்தைத் தவறவிடாமல் இருக்க வேண்டும் என்று ஒரு பாதுகாப்பைக் கட்டினால், என்றைக்காவது ஒருநாள் யாராவது தவறவிடுவார்கள். அதை அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை.

மூன்று வாரம் கழித்து, நிலத்தை ஒட்டி

மே 25 அன்று அதே வகையைச் சேர்ந்த கவென்ட்ரி மூழ்கியது, 19 பேர் இறந்தார்கள். அங்கே வளைவைவிட நிலம்தான் வேலை செய்தது. கவென்ட்ரியும் பிராட்ஸ்வேர்டு என்ற இன்னொரு பிரிட்டிஷ் போர்க்கப்பலும் ஃபாக்லாந்தின் பெபிள் தீவுக்கு வடக்கே கடலில் நின்றன. அர்ஜென்டினாவின் ஸ்கைஹாக் விமானங்கள் தீவுகளின் மேடுகளுக்குப் பின்னால் மறைந்து தாழ்வாக வந்து, நிலத்தைத் தாண்டிக் கடலுக்குள் பாய்ந்தன. மலையும் பாறையும் அனுப்பும் எதிரொலி கடலலையின் எதிரொலியைவிடப் பல மடங்கு வலுவானது. பின்னணியில் நிலம் இருக்கும்வரை ரேடார் திரையில் அந்தப் பக்கம் முழுக்க வெளிச்சம்தான், அதற்குள் நகரும் சின்னப் புள்ளியைத் தனியே பிரித்தெடுக்க அந்தத் தலைமுறை ரேடார்களால் முடியவில்லை. கவென்ட்ரியின் சீ டார்ட் ஏவுகணை உயரே வரும் இலக்குக்காகச் செய்யப்பட்டது, அதன் வழிகாட்டி ரேடார் இலக்கைப் பற்றிக்கொள்ளவே இல்லை. கிட்டத்து இலக்குக்கான சீ வுல்ஃப் பிராட்ஸ்வேர்டில் இருந்தது, ஆனால் கடைசி நேரத்தில் கவென்ட்ரி திரும்பியபோது அதன் குறிவரிசைக்குக் குறுக்கே வந்துவிட்டது.

ரேடாரை உயர்த்தி வைத்தால் என்ன

எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இது. உயர்த்தலாம், ஆனால் வர்க்கமூலம் நம்மை ஏமாற்றிவிடும். தொடுவானத்தை இரண்டு மடங்காக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். 25 மீட்டரில் இருக்கும் ஆண்டெனாவை மிகவும் சிரமப்பட்டு 36 மீட்டருக்குக் கொண்டுபோனாலும் கூடுதலாகக் கிடைப்பது நான்கு கிலோமீட்டர்தான். எக்ஸோசெட் வேகத்தில் அது 13 விநாடி. 13 விநாடி சின்ன விஷயமில்லை, சாஃப் வீச அது போதும், அதனால்தான் டைப் 42 கப்பல்களுக்குப் பதிலாகப் பின்னால் வந்த டேரிங் வகைக் கப்பல்களில் சாம்ப்சன் ரேடாரைக் கொடிமரத்தின் உச்சியில் ஓர் உருண்டைக்குள் வைத்திருக்கிறார்கள். ஆனால் கனமான ஆண்டெனாவை மேலே மேலே தூக்கினால் கப்பல் தலைபாரத்தால் சாயும், அதற்கு ஓர் எல்லை உண்டு.

உண்மையான விடை கப்பலை விட்டு ரேடாரை வானத்துக்குக் கொண்டுபோவதுதான். பிரிட்டிஷ் கடற்படைக்கு அது புதிதும் அல்ல. ஆர்க் ராயல் என்ற பெரிய விமானம் தாங்கிக் கப்பலில் கானெட் என்ற முன்னெச்சரிக்கை விமானங்கள் இருந்தன, 1979ல் அந்தக் கப்பல் ஓய்வு பெற்றபோது அவையும் போய்விட்டன. ஹெர்மிஸிலும் இன்வின்சிபிளிலும் இருந்த சீ ஹாரியர் போர் விமானங்கள் காவலுக்குச் சுற்றின, ஆனால் அவற்றின் ரேடார் கீழே கடலை நோக்கிப் பார்த்தால் அலைகளின் எதிரொலிக்குள் இலக்கு கரைந்துவிடும். ஆக, ஃபாக்லாந்துக்குப் போன படையில் மிக உயரமான கண் ஒரு கப்பலின் கொடிமரத்தில்தான் இருந்தது.

3,000 மீட்டர் உயரத்தில் ஒரு ரேடார் இருந்திருந்தால் என்று போட்டுப் பாருங்கள். அதன் தொடுவானம் 226 கிலோமீட்டர். 30 மீட்டரில் வரும் விமானத்துக்கு மொத்தம் ஏறத்தாழ 248 கிலோமீட்டர். வளைவு மட்டுமே தடை என்றால், 450 நாட் (மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர்) வேகத்தில் வரும் விமானம் அந்தத் தூரத்தைக் கடக்கப் பதினேழு பதினெட்டு நிமிடம் ஆகும். கப்பலின் 43 கிலோமீட்டருக்கு அதே கணக்கில் மூன்று நிமிடம். ரேடாரின் சக்தி குறைவாக இருந்து இதில் பாதி தூரம்தான் கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும், கிடைக்கும் ஐந்தாறு நிமிடத்தில் சீ ஹாரியர்களை அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கலாம், செயற்கைக்கோள் ஒலிபரப்பை நிறுத்தச் சொல்லியிருக்கலாம், விமானிகள் ஏவுகணை விடும் தூரத்துக்கு வருவதற்கு முன்பே.

ஷெஃபீல்டு மூழ்கியபின் அந்த வேலை நடந்தது. சீ கிங் ஹெலிகாப்டரின் பக்கவாட்டில், காற்றடைத்த பெரிய பை மாதிரி ஓர் உறைக்குள் சர்ச்வாட்டர் ரேடாரைப் பொருத்தினார்கள். இறங்கும்போது அந்தப் பை தரையில் இடிக்காமல் மடங்கிக்கொள்ளும், மேலே போனதும் கீழே தொங்கும். தொடங்கிப் பதினோரு வாரத்தில் இரண்டு ஹெலிகாப்டர்கள் தயார். 1982 ஆகஸ்டில் இலஸ்ட்ரியஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலில் ஏறித் தெற்கே கிளம்பின. போர் ஜூன் 14ஆம் தேதியே முடிந்திருந்தது.